வரி வரம்புத் திருத்தம் வாக்குச்சீட்டில் வந்தால் அதை வாசிக்கும் முறை

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், அரசு எவ்வளவு வரி வசூலிக்கலாம், எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு மாநில அரசமைப்புச் சட்டத்திலேயே எல்லை வகுக்கும் திருத்தங்கள் மக்களின் வாக்குக்கு வருவதுண்டு. துண்டறிக்கைகளையும் விளம்பரங்களையும் பார்த்தே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால், பள்ளிக்கும் சாலைக்கும் அடுத்த இருபது ஆண்டுகளில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை திருத்தத்தின் வாசகத்தில் உள்ள சில சொற்கள்தான். ஆகவே ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு அந்த வாசகத்தையே படிக்கத் தொடங்குங்கள்.

முதலில், அது எந்த வகை வரம்பு என்று பிரித்தறியுங்கள். வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்னும் சமநிலை விதி ஏதோ ஒரு வடிவில் வெர்மாண்ட் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அது வேறு, வரியோ செலவோ ஆண்டுதோறும் எவ்வளவு உயரலாம் என்று கட்டுப்படுத்தும், நாம் பேசும் வளர்ச்சி வரம்பு வேறு. சில திருத்தங்கள் ஒரே ஒரு வரியை மட்டும் கட்டுப்படுத்தும். கலிபோர்னியாவில் 1978இல் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டோடு நிறுத்தியது. வீடு கைமாறாத வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்றும் விதித்தது. அதனால் ஒரே தெருவில், ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில், நெடுங்காலமாகக் குடியிருப்பவர் செலுத்தும் வரியைப் போலப் பல மடங்கைச் சென்ற ஆண்டு வாங்கியவர் செலுத்த நேரிடுகிறது. கொலராடோவில் 1992இல் நிறைவேறிய, 'டேபர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரி செலுத்துவோர் உரிமைத் திருத்தமோ அரசின் வருவாய் முழுவதற்கும் எல்லை கட்டுகிறது. எந்த வரியை உயர்த்தவும் மக்களின் ஒப்புதலைக் கேட்கிறது. எல்லைக்கு மேல் வந்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது.

அடுத்து, வரம்பு ஆண்டுதோறும் எந்தக் கணக்கில் உயரும் என்று பாருங்கள். பணவீக்கமும் மக்கள்தொகைப் பெருக்கமும் சேர்ந்த விகிதம் என்பது டேபரின் கணக்கு. கேட்பதற்கு அது நியாயமாகவே இருக்கும். ஆனால் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலையை அளப்பது. அரசு வாங்குவதோ பெரும்பாலும் ஆசிரியர்களின் உழைப்பும் மருத்துவச் சேவையும். மொத்த மக்கள்தொகை மெல்ல வளரும்போதே முதியோரின் எண்ணிக்கை விரைந்து வளரலாம். கணக்கைப் போட்டே பாருங்கள்: 100 டாலர் ஆண்டுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால் இருபது ஆண்டுகளில் 219 ஆகும், மாநிலப் பொருளாதாரம் 5.5 விழுக்காடு வளர்ந்தால் அதே 100 டாலர் 292 ஆகும். இந்த இடைவெளியை ஆதரிப்பவர்கள் மக்களின் கையில் மிஞ்சும் பணம் என்பார்கள். எதிர்ப்பவர்கள் பொதுப்பணிகளிலிருந்து வெட்டப்பட்ட பணம் என்பார்கள். இரண்டும் உண்மையே.

மூன்றாவது படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். வளர்ச்சி விகிதம் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது? சென்ற ஆண்டின் வரம்பின் மீதா, சென்ற ஆண்டு உண்மையில் வசூலான தொகையின் மீதா? டேபரின் முதல் வடிவம் இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொண்டது. வரம்பு 100 ஆக இருந்து, மறு ஆண்டு மந்தநிலையால் வசூல் 92க்கு இறங்கியது என்று வையுங்கள். அதே 4 விழுக்காடு வளர்ச்சியில் அதற்கடுத்த ஆண்டின் வரம்பு 95.68. பொருளாதாரம் மீண்டு வசூல் 103க்கு ஏறினாலும் 7 டாலருக்கு மேல் திருப்பித் தந்தாக வேண்டும். மந்தநிலையில் மூடிய பிரிவுகளைத் திறக்க அந்தப் பணத்தைத் தொட முடியாது. அதற்கும் அடுத்த ஆண்டில்கூட வரம்பு 99.51தான்; பழைய 100ஐ எட்டவில்லை. பல்லுச்சக்கரம் ஒரு திசையில் மட்டும் சுழல்வதுபோல ஒருமுறை இறங்கிய வரம்பு பழைய பாதைக்குத் திரும்புவதில்லை. 2001ஆம் ஆண்டு மந்தநிலைக்குப் பின் கொலராடோ இதை நேரில் அனுபவித்தது. 2005இல் மக்களே 'ரெஃபரெண்டம் சி' என்னும் முன்மொழிவுக்கு ஆதரவாக வாக்களித்து, ஐந்து ஆண்டுகளுக்கு வரம்பைத் தளர்த்தியதோடு இந்தச் சக்கரத்தையும் கழற்றினார்கள். மக்களிடம் அனுமதி கேட்கும் விதியை என்னால் மதிக்க முடிகிறது; ஒரு மோசமான ஆண்டை நிரந்தரமாக்கும் இந்தச் சொற்றொடரை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

பிறகு, கணக்கில் வராதவை எவை என்று தேடுங்கள். கூட்டரசு தரும் நிதி பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். கொலராடோவில் கட்டணம் வசூலித்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்புகளும் விலக்குப் பெறுகின்றன. ஆகவே வரியாக உயர்த்த முடியாதது கட்டணமாக உயர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் வேறு பிரிவு எதிர்த்திசையில் இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். அதே கொலராடோ மக்கள் 2000இல் நிறைவேற்றிய 23ஆம் திருத்தம், பள்ளி நிதியைப் பத்தாண்டுகளுக்குப் பணவீக்கத்தோடு ஒரு விழுக்காடு கூட்டி ஆண்டுதோறும் உயர்த்தக் கட்டளையிட்டது. ஒரு பிரிவு மொத்தத்தை இறுக்க, மற்றொன்று ஒரு பங்கைப் பெருக்கச் சொன்னால், இடையில் நசுங்குபவை பாதுகாக்கும் பிரிவு எதுவும் இல்லாத செலவினங்கள். பல்கலைக்கழக நிதி அவற்றுள் ஒன்று.

கடைசியாக, வெளியேறும் வழியைப் படியுங்கள். சாதாரணச் சட்டமாயின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே மாற்றிவிடலாம். அரசமைப்புச் சட்டத்தில் ஏறிவிட்டால் மீண்டும் மக்களிடமே வர வேண்டும். கொலராடோவில் 2016 முதல் அரசமைப்புச் சட்டத்தில் எதையேனும் புதிதாகச் சேர்க்க 55 விழுக்காடு வாக்கு வேண்டும். இருக்கும் பிரிவை நீக்குவது மட்டுமாயின் எளிய பெரும்பான்மை போதும். உங்கள் மாநிலத்தில் சேர்ப்பதற்கு எவ்வளவு, நீக்குவதற்கு எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் அந்தத் தாளின் அடியில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு துண்டறிக்கைகளை எடுத்துப் படியுங்கள்.