நாள்தோறும் எழுத ஒரு நடுகல் பயிற்சி

எழுத்தாளராக விரும்புவோர் அன்றாடம் எழுத வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் எதை எழுதுவது என்ற திகைப்பில்தான் பலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தருமபுரிப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில், இறந்த வீரர்களின் நினைவாக நடப்பட்ட நடுகற்களைப் பார்த்து வரலாம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, ஆநிரை (மாட்டு மந்தை) கவர்ந்தவர் யார், அதை மீட்கப் போரிட்டு இறந்தவன் யார் என்பதையெல்லாம் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துமுறையில் சில வரிகளுக்குள் சொல்லி முடிக்கும் கல்வெட்டுகள் இப்பகுதி நடுகற்களில் உண்டு.

அதே கட்டுப்பாட்டுடன், அன்று கண்ட ஒரு நிகழ்வை, அது கிருஷ்ணகிரி மண்டியில் நடந்த பெங்களூரா மாங்காய் பேரமாக இருந்தாலும் சரி, யார், எங்கே, எதனால் என்ற விவரங்களோடு ஐந்தே வரிகளில் நோட்டில் எழுதுங்கள். அடைமொழி ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது (கடினமான பகுதி இதுதான்). எழுதும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுதிய அன்றே திருத்தவும் வேண்டாம். வார இறுதியில் அவற்றுள் ஒன்றை மட்டும் ஒரு பக்கமாக விரித்து எழுதினால் போதும். இடையில் ஒரு நாள் தவறினால், மறுநாள் இரண்டு மடங்கு எழுதி ஈடுகட்ட முயலாமல், அந்த நாளுக்குரிய ஐந்து வரிகளை மட்டும் எழுதுங்கள்.