ஹெவி மெட்டல் கேட்கத் தொடங்குவது எப்படி? எந்த பேண்டில் ஆரம்பித்து எங்கே போகலாம்

'மெட்டலா? ஒரே கத்தலாச்சே' என்று சொல்லாத ஆளே இல்லை. பாட்டு என்றால் பாடகர் என்று பழகிய காது முதலில் குரலைத்தான் தேடும். ராக் இசையின் கனமான கிளையான மெட்டலில் அப்படித் தேடினால் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். இங்கே பாட்டைத் தூக்கி நிறுத்துவது ரிஃப், அதாவது கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தச் சின்னத் துணுக்கு. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், குரல் தானாகப் பின்னால் வந்து சேரும். கீழே உள்ள வரிசையை அதை மனதில் வைத்தே போட்டிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன்

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸும் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கிட்டார்) இரண்டு கால்களாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம்மும் அதில் காணாமல் போய், மிஞ்சுவது இரைச்சல் மட்டும்தான். சுமாரான ஹெட்ஃபோன் போதும். சத்தத்தை அளவாக வையுங்கள். நல்ல ரிஃப் குறைந்த சத்தத்திலும் கேட்கும். 'டாப் 100 மெட்டல்' மாதிரி பிளேலிஸ்ட் பக்கமே போக வேண்டாம். ஒரு ஆல்பத்தை எடுத்து முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேளுங்கள். பழைய ஆல்பங்கள் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படி 1: பிளாக் சபாத்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து நான்கு பேர். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. ஆல்பத்துக்கும் முதல் பாட்டுக்கும் பேண்டின் பெயரேதான். மழைச் சத்தம், மணியோசை, பிறகு கிட்டாரில் மெதுவாக மூன்று ஸ்வரங்கள். கர்நாடக சங்கீதக் காதுக்குச் சொன்னால்: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அவ்வளவுதான் ரிஃப். அந்த மூன்றாவது ஸ்வரத்தில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று வயிற்றுக்குள் ஒரு சங்கடம் வரும். அது வந்துவிட்டால் மெட்டலின் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் கனமான ஒலிக்குப் பின்னால் ஒரு விபத்தும் இருக்கிறது. கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலதுகையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலதுகைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குத் தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினார். சுருதி இறங்கியது, ஒலி இன்னும் கனத்தது. இன்று உலகமெங்கும் மெட்டல் பேண்டுகள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன.

நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்ட்', அதுவும் 1970-தான். அதன் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்' போருக்கு எதிரான பாட்டு. மெட்டல் என்றாலே சாத்தான் புராணம் என்று யாராவது சொன்னால் இதன் வரிகளைப் படிக்கக் கொடுங்கள். ஆஸி ஆஸ்போர்னின் குரல் பெரிய பயிற்சி பெற்ற குரல் இல்லை. பல இடங்களில் அவர் ரிஃபின் மெட்டையே அப்படியே பாடுவார். புதியவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

படி 2: ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன்

சபாத்தில் இருந்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை மரபு) வாடையைத் துடைத்துவிட்டு வேகத்தைக் கூட்டியவர்கள் ஜூடாஸ் பிரீஸ்ட். இவர்களும் பர்மிங்காம் பக்கத்துக்காரர்கள்தான். இரண்டு கிட்டார்கள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். தோல் ஜாக்கெட்டும் ஆணி பதித்த பெல்ட்டும் மெட்டலின் சீருடை ஆனதில் பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்குப் பெரிய பங்கு. 1980-ன் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' கேளுங்கள். அதில் 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திர மனிதர்கள் நடந்து வரும் ஓசை, ஸ்பூனும் ஃபோர்க்கும் நிறைந்த தட்டைக் குலுக்கி எடுத்தது. அது பிடித்தால் 1990-ன் 'பெயின்கில்லர்'. வேகம் வேறு ரகம், எச்சரித்துவிட்டேன்.

அயர்ன் மெய்டனில் காதை பேஸ் கிட்டாரில் வையுங்கள். 1975-ல் பேண்டைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது பேஸ்தான். 'தா-தக தா-தக' என்று குதிரைப் பாய்ச்சலில் போகும் நடை இவர்களின் முத்திரை. 1983-ன் 'தி ட்ரூப்பர்' பாட்டில் பளிச்சென்று பிடிபடும். தொடங்க 1982-ன் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்'. பிறகு 1984-ன் 'பவர்ஸ்லேவ்'. அதன் கடைசிப் பாட்டு ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையை எடுத்துக்கொண்டு பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒருமுறையாவது பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் விமானியும்கூட. பேண்டின் உலகச் சுற்றுப்பயணத்துக்கு போயிங் 757-ஐ அவரே ஓட்டியிருக்கிறார்.

படி 3: த்ராஷ்

மெட்டலின் வேகமான, ஆவேசமான கிளைதான் த்ராஷ். அதில் மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நான்கையும் சேர்த்து 'பிக் ஃபோர்' என்பார்கள். நேரம் குறைவென்றால் மெட்டாலிகாவின் 1986 ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஒன்றே போதும்.

அதே பெயருள்ள பாட்டு எட்டரை நிமிடம். முதல் தடவை கேட்கும்போது பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலதுகையை மட்டும் கவனியுங்கள். மேலும் கீழுமாக மீட்டாமல் கீழ்நோக்கியே அடித்துக்கொண்டு போவார். அந்த இறுக்கம் அதனால்தான். மூன்றரை நிமிடம் தாண்டியதும் எல்லாம் அடங்கி, மெல்லிய மெட்டு ஒன்று எழும். அங்கிருந்து மறுபடி எப்படிக் கட்டி எழுப்புகிறார்கள் என்பதுதான் இரண்டாம் தடவைக்கான பாடம். அதே ஆண்டு செப்டம்பரில் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்டன் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்தார். பேண்ட் நீடித்தது, ஆனால் அந்த நால்வரின் ஒலி இந்த ஆல்பத்தோடு முடிந்தது.

1991-ல் வந்த மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்தில்தானே எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். எளிதானதுதான், கெட்ட ஆல்பமும் இல்லை. ஆனால் அதில் தொடங்கியவர்கள் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. பிடிக்கவில்லையென்றால் நட்டமும் இல்லை. மெகாடெத்தை உருவாக்கிய டேவ் மஸ்டெய்ன், 1983-ல் மெட்டாலிகாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தக் கோபம் எவ்வளவு நுணுக்கமான வாசிப்பாக மாறியது என்பதற்கு 1990-ன் 'ரஸ்ட் இன் பீஸ்' சாட்சி.

படி 4: உறுமல் குரலுக்குப் பழகுதல்

பலர் திரும்பிப் போவது இந்த வாசலில்தான். அதனால் நேராக உள்ளே குதிக்காமல், ஸ்வீடன் பேண்டான ஓபெத் வழியாகப் போங்கள். 2001-ன் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் ஒருவரே இனிமையாகவும் பாடுவார், அடிவயிற்றிலிருந்து உறுமவும் செய்வார். இரண்டும் மாறி மாறி வரும்போது உறுமல் இன்னொரு வாத்தியமாகவே கேட்கத் தொடங்கும். வார்த்தை புரியவில்லையே என்று கவலை வேண்டாம், வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அது ஒட்டிக்கொண்டால் அடுத்தது அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த டெத். 1987-ன் முதல் ஆல்பத்தில் ரத்தமும் சதையுமாக எழுதத் தொடங்கிய அதன் தலைவர் சக் ஷுல்டினர், 1995-ன் 'சிம்பாலிக்' வருவதற்குள் நினைவு, வஞ்சகம் என்று எழுதுமளவுக்கு வளர்ந்திருந்தார். கிட்டார் மெட்டுகள் அவ்வளவு தெளிவானவை, உறுமல் உறுத்தவே உறுத்தாது.

இதற்குப் பிறகு

தாளம்தான் இழுத்தது என்றால் பிரேசிலின் செபுல்டுரா (1996-ன் 'ரூட்ஸ்' ஆல்பத்தில் ஷவான்டே பழங்குடியினரோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்), பிறகு பிரான்ஸின் கோஜிரா. நீண்ட, சிக்கலான பாட்டு வேண்டுமென்றால் ட்ரீம் தியேட்டர். மெதுவான கனம்தான் பிடித்ததென்றால் கேண்டில்மாஸ். மெட்டலின் இன்னொரு கிளையான பிளாக் மெட்டலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பதிவுகள் பலவும் வேண்டுமென்றே கரகரப்பாக எடுக்கப்பட்டவை, ரிஃபைத் தேடிப் பிடிக்கக் காது தேறியிருக்க வேண்டும்.