'ஸ்னாப்' (snob) என்ற ஆங்கில ஏளனச் சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

பிறரை மட்டமாக நினைப்பவர் என்ற இன்றைய பொருளை முதலில் ஒதுக்கிவையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் படியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது செருப்புத் தைப்பவரைக் குறித்தது. பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர்களை அப்படி இளக்காரமாக அழைத்தார்கள். மேட்டுக்குடியைப் பார்த்துப் பாவனை செய்பவர் என்ற பொருளை 1848இல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயின் நூல் பரப்பியது. ஏளனத்துக்கு ஆளானவரைச் சுட்டிய சொல், ஏளனம் செய்பவரைச் சுட்டத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

பலர் வழுக்குவது 'சினே நோபிலிடாடே' (உயர்குடிப் பிறப்பு இல்லாத) என்ற லத்தீன் தொடரில். அதன் சுருக்கமே 'ஸ்னாப்' என்பது கட்டுக்கதை. எந்த விளக்கத்தையும் மிகப் பழைய பொருளோடு உரசிப் பாருங்கள். இந்த லத்தீன் விளக்கம் செருப்புத் தைப்பவரிடமே தோற்றுவிடுகிறது. முதலெழுத்துகளைக் கோத்துப் பிறந்த சொல் என்றாலே சந்தேகப்படுங்கள், 20ஆம் நூற்றாண்டுக்கு முன் அது மிக அபூர்வம்.