ஈழப்போரைக் கவிதையாக எழுதும்போது

போர்க் கவிதை என்றதும் ரத்தம், கண்ணீர், ஓலம் என்று சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நிற்கும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தச் சொற்களை எந்த நாட்டுப் போருக்கும் ஒட்டிவிடலாம்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது பற்றி ஈழக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதையைப் பாருங்கள். அதில் வருவது ஒரு கனவு. நூலகப் படிக்கட்டருகே புத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சிவில் உடையில் வந்தவர்கள் புத்தகங்களாலேயே அவர் உடலை மூடி எரிக்கிறார்கள். புத்தரின் போதனை நூலான தம்மபதமும் சாம்பலாகிறது. 'கொடுமை' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

1990-களில் அரசின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிப்போன காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு விளக்கு ஏற்றினார்கள். அந்தச் சுடரில் ஒரு பிள்ளை பாடம் படிப்பதை எழுதுங்கள், போதும். 'இருள் சூழ்ந்த வாழ்வு' என்று எழுதினால் போத்தலும் போய்விடும், பிள்ளையும் போய்விடும்.

தூரத்தில் இருந்தவர்கள் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்ததுபோல 'நான்' என்று எழுத வேண்டாம். ஊரிலிருந்து தொலைபேசி வருமா என்று போர் முடிந்த 2009 மே மாதம் முழுக்கக் காத்திருந்தீர்களா? சரி, அதையே எழுதுங்கள். அதுவும் போர்தான்.

அப்புறம், என்னை அதிகம் வருத்துவது: நம் பக்கத்துப் பிழையைக் கவிதைக்கு வெளியே நிறுத்திவிடுவது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். 1991 ஆகஸ்டில் கவிஞர் செல்வியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பி வரவே இல்லை. ராணுவத்தின் ஷெல்லடியை எழுதுகிற நாம் இதையும் எழுதத்தான் வேண்டும். இதை விழுங்கிவிட்டு எழுதும் வரிகளை, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்த அந்த முஸ்லிம்கள் எப்படி நம்புவார்கள்?

படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கவிதை எழுதிய ஆண்டைப் பாருங்கள். அன்றைய நம்பிக்கையை இன்றைய கசப்போடு படித்தால், கவிஞர் நினைக்காததை எல்லாம் அவர் தலையில் கட்டிவிடுவோம். 'மரணத்துள் வாழ்வோம்' என்ற ஈழக் கவிதைத் தொகுப்பு வந்தது 1985-இல். 2009-இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்கு அப்போது இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.