என் பெட்டாவின் கிழிந்த வால்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கும் நீல பெட்டா மீனின் வால் ஒரு காலையில் கிழிந்து தொங்கியது. மனசே சரியில்லை. துடுப்பழுகல் (மீனின் துடுப்பும் வாலும் அழுகும் நோய்) என்று பயந்து மருந்து வாங்கக் கிளம்பிவிட்டேன். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன்: ஓரத்தில் கறுப்போ சிவப்போ இல்லை, நேரான கிழிசல். அழுகல் என்றால் ஓரம் நிறம் மாறி உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

பிளாஸ்டிக் செடியைப் பழைய நைலான் காலுறையால் தடவினேன், நூல் சிக்கியது. சரி, காரணம் இதுதான். செடியை எடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், குளோரின் நீக்கித்தான். காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றும் போட்டேன். மருந்து தேவைப்படவில்லை.

பத்தாம் நாள் வால் ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிய புதுச் சவ்வு. நீலம் இன்னும் ஏறவில்லை.