காரைக்கால் எல்லையில் சாலை போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒன்று கடல் வரும், அல்லது தமிழ்நாடு வரும். வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம். பொறையாறுக்காரர் காரைக்காலுக்கு வேலைக்குப் போகிறார். வாஞ்சூர்க்காரருக்கு நாகூர்க் கடைத்தெரு பக்கம். சாலைத் திட்டம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது.

வரைபடத்தை எல்லைக்கோட்டோடு முடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. தமிழ்நாட்டுப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சி ஒன்றியமோ பார்க்கும் சாலையை, காரைக்கால் பக்கம் புதுச்சேரி பொதுப்பணித் துறையோ கொம்யூன் பஞ்சாயத்தோ பார்க்கிறது. நிதியும் டெண்டரும் தனித்தனி. நில அளவைக்கு முன்பே இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து நடந்து, சாலையின் அகலம், மட்டம், இணையும் இடம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நண்டலாறு போல ஆறே எல்லையாக இருந்தால், பாலத்தைப் பராமரிப்பது யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

வேலைநாளில் மட்டும் வாகனங்களை எண்ணாதீர்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றுச் சாலையில் நின்று எண்ணுங்கள். எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு இரு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் கோப்பும் முதல் நாளே நகரட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு தண்ணீரை மறப்பது. நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜனாறு எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. பொறையாற்றிலிருந்து நாகூர் போகும் கடலோரச் சாலையோ வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அப்படிக் குறுக்கே கிடக்கும் சாலையை உயர்த்தினால் அது கரையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கண்பாலம் போதாத இடத்தில் மேற்கு வயலில் தண்ணீர் நிற்கும்; சம்பாப் பயிர் அழுகும். வயல் ஒரு மாநிலத்திலும் சாலை போட்டவர் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால் அந்த விவசாயி யாரிடம் மனுக் கொடுப்பார்? பாசன வாய்க்காலுக்கு வழி விட்டால் போதாது, வடிகாலுக்கும் விட வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் வடிகால் பள்ளமாகத்தான் தெரியும். அடைமழையில் அது எவ்வளவு சுமக்கும் என்பதை அங்கே உழுகிறவர்களிடம் கேட்டுப் பாலத்தின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

மதகு, சிறுபால வேலைகளைச் சம்பா அறுவடைக்குப் பின் தொடங்கி, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் முடித்துவிட வேண்டும். அந்த நாள் தவறினால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், பின்னாலேயே பருவமழை வரும். அடுத்த தை அறுவடை வரை பாலம் அரைகுறையாகவே நிற்கும்.