கப்பலூர் ஆலைக்கு வெளியிலிருந்து கரண்ட் வாங்கலாமா? கணக்குப் போடும் முறை

"மின்சாரச் சந்தையான எக்ஸ்சேஞ்சில் யூனிட் மூன்றரை ரூபாய்க்குக் கிடைக்கிறது" என்று ஏஜெண்ட் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்றரை ரூபாய் உங்கள் மீட்டருக்கு வந்து சேரும்போது எவ்வளவு ஆகிறது என்பதுதான் கணக்கு. கப்பலூரோ ராஜபாளையமோ, ஹெச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ் உள்ள எந்த ஆலைக்கும் இதுதான் முறை.

முதலில் தகுதி. 2003 மின்சாரச் சட்டம், 1 மெகாவாட்டுக்கு மேல் தேவையுள்ளவர்கள் விரும்பிய இடத்தில் கரண்ட் வாங்கிக்கொள்ள வழி திறந்தது. மின்வாரியத்தின் கம்பி வழியாகத்தான் வரும், அதற்கு வாடகை உண்டு. காற்றாலை, சூரிய ஒளி போன்ற பசுமை மின்சாரத்துக்கு மட்டும் 2022 விதிகள் இந்த வரம்பை 100 கிலோவாட்டாக இறக்கின. சாங்ஷன்டு டிமாண்டு (வாரியம் உங்களுக்கு அனுமதித்த உச்ச லோடு) இதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

அடுத்து, கடந்த 12 மாத பில்லை எடுத்து மூன்று எண்களை எழுதுங்கள்: பதிவான டிமாண்டு (அந்த மாதம் நீங்கள் இழுத்த உச்ச லோடு), மொத்த யூனிட், பீக் ஹவர் யூனிட். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 2022 செப்டம்பர் கட்டணப்படி யூனிட்டுக்கு 6.75 ரூபாய், டிமாண்டுக்கு, அதை அளக்கும் அலகான கே.வி.ஏ. ஒன்றுக்கு மாதம் 550 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். (அதன்பின் இரண்டும் ஏறியிருக்கின்றன, உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 1,000 கே.வி.ஏ., 4 லட்சம் யூனிட் என்றால் யூனிட்டுக்கு 27 லட்சம், டிமாண்டுக்கு 5.5 லட்சம். மொத்தத்தை யூனிட்டால் வகுத்தால் 8.12 ரூபாய். ஏஜெண்ட் தன் விலையை இந்த 8.12-உடன் ஒப்பிட்டுக் காட்டுவார். அது தப்பு. வெளியில் வாங்கினாலும், சாங்ஷன்டு டிமாண்டைக் குறைக்காத வரை, அதில் 90 சதவீதத்துக்காவது பணம் கட்டியே ஆகவேண்டும். உண்மையில் மிச்சமாகக்கூடியது 6.75 மட்டும்தான்.

பீக் ஹவர் கணக்கு தனி. காலை 6.30 முதல் 10.30, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். அந்த நேரத்து யூனிட் 8.43 ஆகிறது. இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஆகவே ஒரே சராசரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இனி எதிர்ப்பக்கம். 100 யூனிட் வாங்கினால் வழியில் கசிந்தது போக 92 வந்து சேர்கிறது என்று வையுங்கள். 4 ரூபாய் கரண்ட் அப்போதே 4.35. அதன்மேல் டிரான்ஸ்மிஷன், வீலிங் (இரண்டும் கம்பி வாடகை), எஸ்.எல்.டி.சி. (மின் ஓட்டத்தை நிர்வகிக்கும் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டர்) கட்டணம், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ். கடைசியில் சொன்னதுதான் கனமானது. பெரிய ஆலை வாரியத்தை விட்டு விலகும்போது, அதன் கட்டணத்தில் ஒளிந்திருந்த உதவித்தொகையும் போய்விடுகிறது. அதை ஈடுகட்டத்தான் இந்த சர்சார்ஜ். வீடுகளுக்கும் எளியவர்களுக்கும் விலை குறைவாக இருக்க வேண்டுமானால் யாராவது கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். அதை அபராதம் என்று நினைக்காமல் ஒரு செலவாகவே கணக்கில் எழுதுங்கள். அதையும் தாண்டி லாபம் நின்றால் மட்டும் போங்கள்.

வாங்கும் முறைக்கு வருவோம். மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் ஏ.பி.டி. மீட்டர் வேண்டும், எக்ஸ்சேஞ்சில் உங்கள் சார்பில் ஏலம் கேட்கும் ஒரு மெம்பர் வழியாகப் போக வேண்டும். மீட்டர் ஆர்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுங்கள். மீட்டருடன் இணைந்த சி.டி., பி.டி. (அளவை மின்மாற்றிகள்) மாற்ற வேண்டியிருந்தால் ஷட்டவுனும் சேர்ந்து நாள் இழுக்கும்.

மறுநாளுக்கான ஏலம் காலை 10 முதல் 12 வரை நடக்கும். நாள் 96 துண்டாகப் பிரிந்திருக்கும். 1,000 கிலோவாட் கேட்டால் ஒரு துண்டுக்கு 250 யூனிட். அந்தக் கால்மணியில் ஸ்பின்னிங் பிரேம் இரண்டு நின்று 150 யூனிட்தான் ஓடியது என்றால், மீதி 100-க்குக் கட்டிய பணம் அப்படியே திரும்பாது. அதனால் உச்ச லோடுக்கு ஏலம் கேட்காதீர்கள். ஷிஃப்ட் மாறும்போதும் இறங்காத அடி லோடுக்கு மட்டும் கேளுங்கள்.

விலை நேரத்துக்கு நேரம் மாறும். சூரிய மின்சாரம் குவியும் நண்பகலில் விழும், மாலையில் ஏறும். 2022 மார்ச்சில் 20 ரூபாயைத் தொட்டதும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் உச்சவரம்பு போட்டது. 2023 ஏப்ரலில் அதை 10 ஆக்கியது. சந்தையானாலும் கடிவாளம் அரசின் கையில்தான். வரம்பைத் தொடும் மாலைகளில் கேட்ட அளவு முழுதாகக் கிடைக்காமலும் போகும். அந்த நேரத்துக்கு வாரியத்தையே நம்புங்கள்.

சர்சார்ஜைத் தவிர்க்க குரூப் கேப்டிவில் (பல ஆலைகள் பங்கு போட்டு வைத்திருக்கும் மின்நிலையம்) சேரலாம். பயன்படுத்துவோரிடம் 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே எடுத்திருக்க வேண்டும். நிதியாண்டு முடிவில் இது தவறினால் முழு ஆண்டுக்கும் சர்சார்ஜ் விழும். உங்களுடன் சேர்ந்த ஆலை ஒன்று மூடினால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கம்பம் கணவாய் காற்றாலை என்றால் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. தை, மாசிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

எரிபொருள் விலை ஏறினால் சுமை யார் தலையில் என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். சமயநல்லூரில் உலை எண்ணெயில் ஓடிய 106 மெகாவாட் தனியார் நிலையம் வாரியத்துக்கு விற்ற ஒப்பந்தத்தில் எண்ணெய் விலை வாரியத்தின் தலையில் விழுந்தது.

முதல் மாதம் காலை 11 முதல் மாலை 4 வரை, அடி லோடில் பாதிக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள். அந்த மாத பில் வந்ததும், ஏஜெண்ட் தந்த தாளுடன் வரிவரியாக ஒத்துப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கள்.